இனி இணையப் பக்கத்தில் மட்டும்

8 ஏப்ரல் 1999, வியாழன்

காலை ஒன்பதரையிலிருந்து மதியச் சாப்பாடு வரை நிதி அறிவிப்பை ஈ-மெயிலில் அனுப்பியதிலேயே போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு முகவரிகள். இணையத்துக்காக மதுரைக்கு டெலிபோன் லைன் கிடைத்தால் பாதியில் அறுகிறது. அறுந்தால், எங்கே விட்டோம் என்று தெரியாமல் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சம்பத்குமார் மறுபடி மேலிருந்து ஆரம்பிக்கிறார். சிலருக்கு ஒரே கடிதம் மூன்று முறை போகிறது, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. எழுபது திரும்பி வந்துவிட்டன. பெட்டி நிறைந்துவிட்டதாம், ஆள் மாறிவிட்டாராம்.

சாத்தூரிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியர் போன் செய்தார். "எங்க காலேஜ்ல நாலு பேருக்கு வந்திருக்கு. எனக்கு மட்டும் வரல. இதுக்கு யாரையாவது பிடிக்கணுமா மேடம்?"

யாரையும் பிடிக்க வேண்டாம் என்றேன். போனை வைத்த பிறகு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அறக்கட்டளைக்குச் செயலராக வந்து பதினொரு மாதம் ஆகிறது, இன்றுதான் கேட்கத் தோன்றியது: இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர் யார்? எனக்கு முன்னால் இருந்தவருக்குத் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தவர்கள். ஆறு மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சி நிதி தருகிறோம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம். தருவதெல்லாம் ஒரு முகவரிப் புத்தகத்துக்கு.

பட்டியலே வேண்டாம். அறிவிப்பை இணையப் பக்கத்தில் போட்டுவிடுவோம். வேண்டியவர் வந்து பார்க்கட்டும். பதினான்கு வருஷம் கல்லூரியில் கணக்கு நடத்தியவளுக்கு இது ஒரு வரிக் கணக்கு.

19 ஏப்ரல், திங்கள்

அறங்காவலர் கூட்டம். தலைவர் ஜகந்நாதன் சார் மில்லில் முப்பது வருஷம் இன்ஜினியர். எதையும் கழற்றிப் பார்க்காமல் சரி சொல்லமாட்டார்.

"ஏம்மா வஞ்சுளா, மெயில்னா அது அவங்களத் தேடிப் போகுது. வெப்புன்னா அவங்கல்ல தேடி வரணும்?"

"ஆராய்ச்சி பண்றவங்க சார். தேடுறதுதான அவங்க வேலை?"

சிரித்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் பஞ்சு மார்க்கெட்டில் பஸ் ஏறி, வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்வரை அந்தப் பதிலை நானே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

30 ஏப்ரல், வெள்ளி

கடைசி ஈ-மெயில் போய்விட்டது. "இனி நிதி அறிவிப்புகள் ஈ-மெயிலில் வராது. ஜூன் முதல் தேதியும் டிசம்பர் முதல் தேதியும் எங்கள் இணையப் பக்கத்தில் மட்டும் வெளியாகும்."

அப்பாடா.

1 ஜூன், செவ்வாய்

பக்கம் திறந்தாயிற்று! மேலே மேற்கு மலையின் புகைப்படம், கீழே அறிவிப்பு, சுத்தத் தமிழில்.

தமிழ்தான் பெரிய தலைவலியாக இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு எழுத்து வகை வைத்திருக்கிறார்கள். இங்கே அடித்தது அங்கே கிறுக்கலாகத் தெரிகிறது. நான்தான் வழி கண்டுபிடித்தேன். அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, தாளை ஸ்கேன் செய்து, படமாகவே போட்டுவிட்டோம். படத்தில் எழுத்து எப்படிச் சிதையும்?

"இங்கிலீஷ்லயும் அடிச்சுக் கீழ போட்டுருவமா மேடம்?" என்றார் சம்பத்குமார். பக்கத்தின் அழகு கெட்டுவிடும், வேண்டாம் என்றேன்.

வீட்டில் நம்பியிடம் சொன்னபோது, "ஏட்டி, ஆபீசையே படம் புடிச்சு மாட்டிட்டியா?" என்றார். மனைவி செய்வதை எல்லாம் கேலி செய்வது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

22 ஜூன், செவ்வாய்

ஏழு விண்ணப்பங்கள். பதற்றமில்லை. வாத்தியார்கள் எல்லாம் கடைசி வாரத்தில்தான் விழித்துக்கொள்வார்கள். நானும் வாத்தியாராக இருந்தவள்தானே.

2 ஆகஸ்ட், திங்கள்

விண்ணப்பக் கெடு சனிக்கிழமையோடு முடிந்தது. முப்பத்தொன்று. போன முறை ஐம்பத்தெட்டு.

ஆனால் இந்த முப்பத்தொன்றில் ஒன்பது பேர் பட்டியலில் என்றுமே இருந்ததில்லை! சாத்தூர்க்காரரும் போட்டிருக்கிறார். கோவில்பட்டியிலிருந்து ஒருவர், பெயரே கேள்விப்படாத கல்லூரி. இதற்காகத்தானே செய்தேன்.

குறைந்த இருபத்தேழு? ஆர்வமில்லாதவர்கள் உதிர்ந்துவிட்டார்கள் என்று கோப்பில் குறித்தேன்.

10 ஆகஸ்ட், செவ்வாய்

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். அசீனா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. வயது முப்பது இருக்கும். கோப்பில் பெயர் பார்த்திருக்கிறேன், ஆளை இன்றுதான் பார்க்கிறேன். இரண்டு வருஷமாக நம் உதவியில் கூமாப்பட்டி வயல்களில் ஆனைக்கொம்பன் ஈயை ஆராய்கிறவர். நெல் தூருக்குள் நுழைந்து கதிரே வராமல் செய்துவிடும் சின்ன ஈ. அதன் புழுவை அழிக்கிற குளவி ஒன்றும் அதே வயலில் உண்டு. குளவி எந்த அளவு இருந்தால் மருந்தடிக்காமல் விடலாம் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. மூன்று போகம் விடாமல் எண்ணினால்தான் கணக்கு நிற்கும். வரப்போவது மூன்றாவது.

"அறிவிப்பு எப்ப மேடம் வரும்?" என்று கேட்டார்.

"வந்து முடிஞ்சே போச்சே. முப்பத்தொண்ணாம் தேதி கடைசி."

தோள்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஜூன் மாசம் அஞ்சு தடவ பாத்தேன் மேடம். பக்கம் தெறக்குது. உள்ள ஒண்ணும் இல்ல. இன்னும் வேலை முடியல போலன்னு இருந்தேன். மெயில் போட்டும் கேட்டேன். பதில் இல்ல."

"நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

அவர் எழுந்தார். "எங்க காலேஜுக்கு வாங்க மேடம். நீங்களே சரியாப் பாருங்க."

11 ஆகஸ்ட், புதன்

சம்பத்குமாரோடு போனேன். அவர்கள் கல்லூரியில் இருப்பது எழுத்து மட்டும் தெரிகிற பழைய இணைப்பு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் வராது. நம் பக்கத்தைத் திறந்தார்கள். வந்தது.

சதுர அடைப்புக்குள் ‘இமேஜ்’ என்று ஒரு சொல். அதன் கீழே இன்னொரு ‘இமேஜ்’. அவ்வளவுதான்.

மேலே உள்ளது மலை. கீழே உள்ளது அறிவிப்பு.

அசீனா விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

அலுவலகம் வந்து ஈ-மெயில் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அறிவிப்பு அனுப்புவதில்லை என்று ஆனபிறகு பெட்டியை யாருமே திறக்கவில்லை. திரும்பி வந்த குப்பைகளுக்கு நடுவே பதினான்கு கடிதங்கள். ‘பக்கம் காலியாக இருக்கிறதே?’ ‘அறிவிப்பு எப்போது?’ அசீனாவுடையது ஜூன் பதினெட்டாம் தேதி. என்ன மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

நாந்தான படமாப் போடச் சொன்னேன்? நாந்தான இங்கிலீஷ் வேண்டாம்னேன்? அழகு கெட்டுப்போகுமாம், அழகு! ஆர்வமில்லாதவங்க உதிர்ந்துட்டாங்கன்னு கோப்புல வேற எழுதிவச்சிருக்கேன். எம்புட்டுத் திமிர்.

அந்த வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் ‘தவறு. வ.’ என்று எழுதித் தேதி போட்டேன்.

13 ஆகஸ்ட், வெள்ளி

தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு நல்லா வேலை செய்யிறவ. ரெண்டு வருஷ அறிக்கையும் நான் படிச்சிருக்கேன். ஒண்ணு பண்ணு. விண்ணப்பத்த இன்னிக்கே வாங்கி, முப்பதாந்தேதி வந்ததாப் பதிஞ்சுரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்காகத்தான் சொல்கிறார். தெரியும். பாதி மனசு ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டது.

"மத்த பதிமூணு பேரு சார்? மெயில்கூடப் போடாம விட்டவங்க? நேர்ல வந்தவங்களுக்கு மட்டும்னா, பழைய பட்டியலே மேல்."

"வேற என்ன செய்யப்போற?"

"மறுபடியும் திறக்கணும். எல்லாருக்கும். மூணு வாரம். தப்பு எங்களுதுன்னு எழுதி."

"அறக்கட்டளை தப்புன்னு எழுதுவியா?"

"செயலர் தப்புன்னு எழுதுறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "எழுதிக் கொண்டா."

14 ஆகஸ்ட், சனி

அசீனாவிடம் நேரில் சொல்லிவிடுவோம் என்று போனேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் மடத்தனம்.

"மறுபடி தெறந்தா இன்னும் எத்தன பேரு வருவாங்க?"

"முப்பது வரலாம்."

"எடம் எத்தன?"

"மூணு."

"உங்க தப்புக்கு நான் வரிசையில நிக்கணுமா மேடம்? ஜூன்லயே தெரிஞ்சிருந்தா முப்பது பேரோட போயிருக்கும். இப்ப அறுபது. அக்டோபர்ல நடவு. ஈ எனக்காகக் காத்திருக்குமா?"

நான் செய்வது சரி. அவர் கேட்டதும் சரி. இரண்டு சரியும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன.

16 ஆகஸ்ட், திங்கள்

மறுபடி திறந்தோம். ஆங்கிலத்தில் வெறும் எழுத்தாக முதலில். தமிழ்ப் படம் அதன் கீழே. மலையை எடுத்துவிட்டேன். பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிகிறது. பழைய பட்டியலுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இந்த ஒரு தடவை மட்டும் ஈ-மெயில், தபால் இரண்டும். ‘தவறு செயலருடையது’ என்று கையெழுத்துப் போட்டேன்.

இனி தினமும் பத்து மணிக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு. முதல் உத்தரவு எனக்கே.

6 செப்டம்பர், திங்கள்

இன்றோடு முடிந்தது. இருபத்தொன்பது புதிய விண்ணப்பங்கள். மொத்தம் அறுபது. இதுவரை இத்தனை வந்ததே இல்லை. அசீனாவுடையதும் உண்டு.

மனசு விட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. ஆனாலும் அறுபது.

24 செப்டம்பர், வெள்ளி

வெளியூர் நிபுணர்கள் ஐந்து பேர் மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டார்கள். கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் கூட்டினேன்.

முதல் இடம் சாத்தூர் வேதியியல். இரண்டாவது திருநெல்வேலி. மூன்றாவது நாகர்கோவில், கடற்பாசி. இது செப்டம்பர் இரண்டாம் தேதி வந்த விண்ணப்பம். நான்காவது அசீனா. வித்தியாசம் மூன்று மதிப்பெண்.

மறுபடி திறக்காமல், தலைவர் சொன்னபடி தேதி மாற்றியிருந்தால்? அசீனாவுக்குக் கிடைத்திருக்கும். கடற்பாசிக்காரரும் நம் பக்கத்தில் ‘இமேஜ்’ பார்த்து ஏமாந்தவர்தான், கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் இடத்தை யார் எடுத்துக் கொடுப்பது?

நம்பியிடம் சொன்னேன். கேலி செய்யவில்லை. "தப்பு பண்ணினவளே தீர்ப்பும் சொல்ல வேண்டியிருந்தா இப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காப்பியை எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

25 செப்டம்பர், சனி

கடிதத்தில் தெரிவித்தால் போதும். நேரில் போனேன்.

மதிப்பெண் தாளை முழுதாகக் காட்டினேன். விரல் வைத்துப் படித்தார். "கடற்பாசி நல்ல வேலைதான்" என்றார். பிறகு, "எனக்கு வகுப்பு இருக்கு மேடம்."

3 அக்டோபர், ஞாயிறு

நிதி எதற்காகக் கேட்டிருந்தார் என்று விண்ணப்பத்தை எடுத்து மறுபடி படித்தேன். வயலில் உதவிக்கு ஒரு ஆள், வாரம் ஒரு நாள். ஒருவர் தூரைப் பிரித்துப் பார்த்து எண்ணிக்கை சொல்ல, இன்னொருவர் எழுத. கருவி எல்லாம் கல்லூரியிலேயே இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, மடவார் வளாகத்தில் அவர் வீடு. போய்க் கதவைத் தட்டினேன்.

"எனக்கு எழுதத் தெரியும். எண்ணவும் தெரியும். ஞாயித்துக்கிழமை சும்மாதான் இருக்கேன்."

நிலைப்படியிலேயே நின்றார். "பாவம் தீக்க வாரீங்களா மேடம்?"

"அதுவும்தான். ஆனா கணக்கு தப்பாம எழுதுவேன்."

என் சேலையைப் பார்த்தார். "சேத்துல இறங்கணும். சேலை சரிப்படாது."

17 அக்டோபர், ஞாயிறு

கூமாப்பட்டி. நடவு முடிந்த வயல். நம்பியின் பழைய சட்டை, பாவாடை, தலையில் துண்டு. முதல் அடியிலேயே முழங்கால்வரை போய்விட்டேன். வயல்காரர் சீனிச்சாமி, "ஏத்தா, பாத்து! இது ஆபீசு தரையில்ல" என்றார். அசீனா முதல் முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

14 நவம்பர், ஞாயிறு

ஈ வந்துவிட்டது. தூருக்கு நடுவே வெங்காயத்தாள் மாதிரி வெளிறிய குழல்கள். நூற்றில் ஒன்பது.

சீனிச்சாமி மருந்து டின்னைக் கையோடு எடுத்து வந்துவிட்டார். "டீச்சரம்மா, போன ரெண்டு வருசமும் நீங்க எண்ணுனீய, நான் அடிச்சேன். இந்த வருசம் அடிக்கவா வேண்டாமா? ஒரே சொல்லாச் சொல்லுங்க."

அசீனா குழல் ஒன்றைப் பிளந்து புழுவை எடுத்தார். புழுவுக்குள் கடுகு தெளித்தது போலச் சின்னச் சின்னக் கூடுகள். குளவியின் கூடுகள். இருபது குழல் பிளந்தோம், பதின்மூன்றில் கூடு. நான் எழுதினேன். இரண்டு வருஷக் கணக்கோடு வைத்துப் பார்த்து, அசீனா வாய்விட்டுச் சொல்லத் தயங்கினார். சொன்னது தப்பானால் அந்த மனிதருக்கு ஒரு போகம் போகும்.

"உங்க கணக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னுதான் சொல்லுது."

"அப்ப அதச் சொல்லுங்க. பயமா இருக்குன்னும் சேத்துச் சொல்லுங்க."

இரண்டையும் சொன்னார். சீனிச்சாமி டின்னை வரப்பில் வைத்துவிட்டு வெற்றிலையை மென்றார். "ஒரு வாரம் பாக்கேன். பொறவு நான் எங்கணக்கப் பாப்பேன்."

21 நவம்பர், ஞாயிறு

புதுக் குழல் இரண்டே. மருந்து அடிக்கவில்லை. வரப்பில் மூவரும் உட்கார்ந்து சீனிச்சாமி வீட்டுப் பயறு தின்றோம். அசீனா என்னை ‘அக்கா’ என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவரே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

1 டிசம்பர், புதன்

டிசம்பர் அறிவிப்பு வெளியாயிற்று. இணையப் பக்கத்தில் மட்டும். ஈ-மெயில் இல்லை. கூட்டத்தில் கேட்டார்கள், பழையபடி மெயிலுக்கே போய்விடலாமா என்று. கூடாது என்றேன். பொதுப் பலகைதான் சரி, எல்லார் கண்ணுக்கும் தெரிகிறதா என்று பார்ப்பது நம் வேலை. போன வாரம் வெறும் எழுத்தில் சோதனைப் பக்கம் ஒன்றைப் போட்டு, பழைய இணைப்பு உள்ள பன்னிரண்டு கல்லூரிகளுக்கும் போன் செய்து, தெரிவதை அப்படியே வாசிக்கச் சொன்னோம். பன்னிரண்டும் வாசித்தன.

‘ஆராய்ச்சி பண்றவங்க தேடட்டும்’ என்று பேசியவள்தான் இப்படிப் போன் செய்துகொண்டிருக்கிறாள். பரவாயில்லை. நான் எடுத்த முடிவு நிற்கிறது.

19 டிசம்பர், ஞாயிறு

மூன்றாவது போகத்தின் கடைசி எண்ணிக்கை. கதிர் பால் பிடித்துவிட்டது. குறிப்பேட்டில் பத்து ஞாயிறு, அறுநூறு வரி, ஒரு அடித்தல் இல்லை. அசீனா இரண்டு தடவை சரிபார்த்தார். அவர் நம்பவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தால் மூன்று தடவை பார்த்திருப்பேன்.

27 டிசம்பர், திங்கள்

தபாலில் அசீனாவின் விண்ணப்பம். கூமாப்பட்டிக் கணக்கு மற்ற ஊர் வயல்களுக்கும் பொருந்துமா என்று பார்க்கப்போவதாக வயலில் சொல்லியிருந்தார்.

உறையைப் பிரிக்கவில்லை. தலைவருக்கு ஒரு வரி எழுதி அதன்மேல் குத்திக் கொடுத்தேன்: ‘இதை நான் கையாளக் கூடாது. விண்ணப்பித்தவர் என் தோழி.’

ஜகந்நாதன் சார் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி. பதிவேட்டுல எழுதணும்ல. எந்தத் தேதியில இருந்து தோழிம்மா?"

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பை ஆகஸ்டிலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறேன்.